நலமானவர்களின் தப்புக் கணக்கு

வாரத்துக்கு மூன்று நாள். ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். கையில் ஊசி குத்தி ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தப்படுத்தி, மீண்டும் உடலுக்குள் செலுத்துகிறார்கள். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். இளநீருக்கும் வாழைப்பழத்துக்கும் கட்டுப்பாடு. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருப்பவரைப் பார்த்துவிட்டுப் படியிறங்கும் உறவினர்கள், “எப்படி இருந்த மனுஷன்! இதெல்லாம் ஒரு வாழ்க்கையா?” என்று அங்கலாய்ப்பது வழக்கம். அந்த அங்கலாய்ப்பில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதைச் சிலர் அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

மணி அடித்தால் பதில்

ஜேசன் ரீஸ், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பீட்டர் யூபெல் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு அது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் 49 பேர். வயது, படிப்பு போன்றவற்றில் அவர்களுக்கு இணையான, நலமான 49 பேர். எல்லோரிடமும் ஆளுக்கொரு கையடக்கக் கணினியைக் கொடுத்து, ஒரு வாரம் கூடவே வைத்திருக்கச் சொன்னார்கள். அது நாளில் பல முறை, எதிர்பாராத நேரங்களில் ஒலி எழுப்பும். அந்தக் கணத்தில் மனம் எப்படி இருக்கிறது என்று உடனே பதிய வேண்டும்.

இப்படி அளந்ததற்குக் காரணம் உண்டு. ‘எப்படி இருக்கீங்க?’ என்று பொதுவாகக் கேட்டால், ‘ஏதோ இருக்கேன்’ என்றோ, கேட்பவர் மனம் நோகாதபடி ‘நல்லா இருக்கேன்’ என்றோ சொல்லிவிடுவோம். சாப்பிடும்போதும் டிவி பார்க்கும்போதும் திடீர் திடீரென்று கேட்டால் அப்படி ஒப்பேற்றுவது கடினம்.

இரு தரப்புப் பதிவுகளையும் ஒப்பிட்டபோது, நோயாளிகளுக்கு மகிழ்ச்சி குறைவு என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ‘நீங்கள் டயாலிசிஸில் இருந்தால் உங்கள் மனநிலை எப்படி இருக்கும்?’ என்று நலமானவர்களைக் கேட்டதற்கோ, நோயாளிகள் உண்மையில் பதிந்ததைவிட மிக மோசமான ஒரு வாழ்க்கையை அவர்கள் கற்பனை செய்தார்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நலமானவர்கள் தங்கள் சொந்த மனநிலையையே, பதிவானதைவிடக் குறைத்துத்தான் மதிப்பிட்டார்கள். நோயாளிகளின் மதிப்பீடு பதிவுகளோடு பெரும்பாலும் பொருந்தியது.

விடுபட்டுப்போகும் மணிநேரங்கள்

கணக்கு ஏன் தப்புகிறது? ‘டயாலிசிஸ்’ என்றதும் நம் மனக்கண்ணில் ஊசியும் இயந்திரமும் மட்டுமே நிற்கின்றன. வாரத்தின் 168 மணி நேரத்தில் இயந்திரத்தோடு கழிவது ஏறக்குறைய 12 மணி நேரம். களைப்பும் அலைச்சலும் இன்னும் சிலவற்றைத் தின்னும். எஞ்சிய நேரத்தில் அவரும் காபி சூடாக இல்லை என்று கோபித்துக்கொள்கிறார், பேத்தியோடு சீட்டாடுகிறார், கிரிக்கெட் பார்க்கிறார். அன்றன்றைய மனநிலையில் இவற்றுக்குப் பெரிய பங்குண்டு; நம் கற்பனையில் இவற்றுக்கு இடமே இல்லை. ஒரே ஒரு விஷயத்தில் கவனம் குவிந்ததும் அதன் எடையைக் கூட்டிப் பார்க்கும் இந்த இயல்பை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் டேவிட் ஷ்காடேயும் 1998இல் விளக்கியிருக்கிறார்கள்.

நாம் கணக்கில் சேர்க்காத இன்னொன்று, மனம் பழகிக்கொள்ளும் என்பது. அந்தப் பழக்கம் எப்போது தொடங்குகிறது என்பதை யூபெலும் லோவன்ஸ்டைனும் பங்குபெற்ற 2009ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. குடல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, வயிற்றில் பொருத்திய பையில் மலம் சேரும் நிலையில் இருந்தவர்களை ஆறு மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். சிலருக்கு அந்தப் பை ஆயுளுக்கும் நிரந்தரம். சிலருக்குப் பின்னால் எடுத்துவிடலாம். நாள் ஆக ஆக, வாழ்க்கையில் நிறைவு கூடியது முதல் தரப்பினருக்குத்தான். எடுத்துவிடலாம் என்று காத்திருந்தவர்களிடம் அந்த முன்னேற்றம் தென்படவில்லை. ‘சீக்கிரமே எல்லாம் பழையபடி ஆயிடும்’ என்று நாம் அன்போடு சொல்லும் ஆறுதல், சில நேரம் இன்றைய வாழ்க்கையைத் தள்ளிப்போட வைக்கிறது.

எல்லோருக்கும் அல்ல

இதை வைத்து, எந்த நோயும் மனதைத் தொடாது என்று முடிவுகட்டக் கூடாது. மூளைத்தண்டு பாதிப்பால் உடல் முழுதும் முடங்கி, கண்ணசைவால் மட்டுமே பேசக்கூடியவர்களிடம் பிரான்சில் நடத்திய கணக்கெடுப்பு 2011இல் வெளியானது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 65 பேரில் 47 பேர் மகிழ்ச்சியாக இருப்பதாகத் தெரிவித்தார்கள். 18 பேர் இல்லை என்றார்கள். நீண்ட காலம் இந்நிலையில் வாழ்ந்தவர்களிடம் மகிழ்ச்சி கூடுதலாக இருந்தது. இல்லை என்றவர்களின் துயரம் மனப்பதற்றத்தோடும், வெளியே போகவோ பொழுதுபோக்கில் கலந்துகொள்ளவோ வழியில்லாததோடும் சேர்ந்தே இருந்தது. இவற்றில் பலவற்றுக்கு மற்றவர்களால் உதவ முடியும்.

நோயாளியின் தலையில் ‘சந்தோஷமாக இரு’ என்ற கடமையை ஏற்றுவதும் தவறு. தலை, கழுத்துப் புற்றுநோய் கண்ட 1,093 பேரை ஆராய்ந்த ஜேம்ஸ் காய்ன் குழு, மனநலத்துக்கும் உயிர்வாழும் காலத்துக்கும் தொடர்பு காணவில்லை என்று 2007இல் அறிவித்தது. அழுததால் கட்டி வளர்ந்தது என்று யாரும் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. மகிழ்ச்சி மருந்தாக வேலைசெய்யாவிட்டாலும், அதற்கென்றே அது மதிப்புடையது.

எனவே மருத்துவம் செய்யக்கூடியது, மகிழ்ச்சியை மறிக்கும் வலி, மூச்சுத்திணறல், மனச்சோர்வு ஆகியவற்றை அகற்றுவது. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், பரவிய நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 151 பேரிடம் ஜெனிஃபர் டெமல் குழு இதைச் சோதித்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபிரிவினருக்கு அதோடு, ‘பாலியேட்டிவ் கேர்’ எனப்படும் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் தொடக்கத்திலேயே தரப்பட்டது. 2010இல் வெளியான முடிவின்படி, முதல் பிரிவில் 38 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. இரண்டாம் பிரிவில் 16 சதவீதம். அவர்களின் இடைநிலை ஆயுளும் 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதமாக இருந்தது.

‘இனி செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்று கைவிரித்த பிறகு தேடிப் போகும் சிகிச்சையாகவே இதை நாம் நினைத்திருக்கிறோம். நோய் உறுதியான அன்றே மருத்துவரிடம் இதைக் கேட்கலாம். தூக்கம் கெட்டு, பசி மறந்து, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் ஒருவர் இருந்தால், ‘இந்த நோய்க்கு அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடாமல் மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும். வாழ்க்கையில் பிடிப்பற்றுப்போவது தீவிர நோயின் கட்டாய விளைவு அல்ல என்பதற்கு டயாலிசிஸில் இருந்த அந்த 49 பேரின் ஒரு வாரப் பதிவே சாட்சி.