ஓமின் விதியும் ஒரு பழைய வானும்

அரசியலும் இலக்கியமும் விவாதிக்கப்படும் இப்பக்கங்களில், பழைய வாகனமொன்றுக்கு மேலதிக மின்சொக்கற்றுகள் பூட்டுவது பற்றி எழுதுவதா எனச் சில நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். எமது கூட்டங்களுக்கு நாம் இத்தனை வருடங்களாகப் பயணம் செய்தவை பெரும்பாலும் பழைய வாகனங்களே. புத்தகக் கட்டுகளும் சோற்றுப் பெட்டியும் பிள்ளைகளும் இரண்டு கவிஞர்களும் ஒன்றாக அடைபட்ட அந்த வான்களில் அன்று மின்சாரம் கேட்டது ஒரு கசெற் பிளேயர் மாத்திரம்தான். இன்று ஆளுக்கொரு தொலைபேசி, மடிக்கணினி, குளிர்ப்பெட்டி, பால்போத்தல் சூடாக்கி என எல்லாம் கேட்கின்றன. வாகனமோ அதே பழைய வாகனம்.

நான் யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடங்கள் பௌதிகவியல் விரிவுரையாளனாக இருந்தவன். இன்று லைப்சிக்கில் ஒரு தொழிற்சாலையில் மூன்று ஷிப்ற் வேலை செய்பவன். அங்கு என்னை 'புறொபெசர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று நான் அளந்து பார்த்ததில்லை.

என்னிடம் முப்பது வயதைத் தாண்டிய ஒரு வான் உண்டு. அதில் இருந்தது ஒரேயொரு சிகரற் லைற்றர் துளை. கடையில் இரண்டு சொக்கற்றுகள் வாங்கி, அந்த லைற்றருக்குப் போகும் வயரின் தோலைச் சீவி, புதிய வயர்களைக் கையால் முறுக்கி, நாடா சுற்றிவிட்டேன். அரை மணி நேர வேலை. சில நாட்களில் 15 அம்பியர் பியூஸ் எரிந்தது. இன்னொன்று போட்டேன், அதுவும் எரிந்தது. அப்போது கையில் கிடைத்த பச்சை நிறப் பியூஸைச் செருகினேன். பச்சை என்றால் 30 அம்பியர். அதன்பின் பியூஸ் எரியவேயில்லை.

பேர்லினில் ஒரு கூட்டம் முடிந்து இரவு ஏ9 நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தோம். டெஸ்ஸாவுக்குக் கிட்டவாக பிளாஸ்ரிக் கருகும் மணம் வந்தது. பின்னால் என் மகளும் நண்பரின் கைக்குழந்தையும் நித்திரை. வாகனத்தை ஓரங்கட்டி எல்லோரையும் இறக்கிவிட்டு, முன்பலகையின் கீழ் கையைவிட்டேன். விரல் சுட்டது. வயரின் தோல் உருகி, பக்கத்து வயர்களோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நிமிடம் ஓடியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கமாட்டேன்.

பிழை வாகனத்தினுடையதல்ல, சொக்கற் விற்றவனுடையதுமல்ல. என்னுடையது. அந்தப் பிழை என்னவென்று கரும்பலகையில் எழுதிக்காட்ட எனக்குத் தெரியும். ஆனால் வயரை முறுக்கியபோது அது ஞாபகம் வரவில்லை.

கணக்கு இதுதான். வாற்றை வோல்ற்றால் பிரித்தால் அம்பியர். 48 வாற் குளிர்ப்பெட்டி 12 வோல்ற்றில் 4 அம்பியர் எடுக்கும். மடிக்கணினிக்கு 90 வாற் என்றால், மாற்றியில் வீணாவதையும் சேர்த்து ஏறத்தாழ 9 அம்பியர். இரண்டு தொலைபேசிகளுக்கு 2. பால்போத்தல் சூடாக்கி 60 வாற், அது 5. ஆக 20 அம்பியர். ஒரு லைற்றரைச் சில விநாடிகள் சூடாக்குவதற்கென அளவிடப்பட்ட வயரில் நான் மணிக்கணக்காக 20 அம்பியரை ஓட்டியிருக்கிறேன்.

சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். ஓட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. ஆகவே 15 அம்பியர் பியூஸுக்குப் பதில் 30 போடுவது என்பது, வயர் நான்கு மடங்கு சூடேறும்வரை காவற்காரனைத் தூங்கச் சொல்வதற்குச் சமம். பியூஸ் இருப்பது நாம் செருகும் பொருளைக் காப்பதற்கல்ல, வயரைக் காப்பதற்கு. பியூஸ் அடிக்கடி எரிகிறதென்றால் அது பழுதாகவில்லை, தன் வேலையைச் செய்கிறது.

கையால் முறுக்கிய இணைப்பு இதைவிட மோசம். அது நாளடைவில் தளர்ந்து, கறள் பிடித்து, அதன் தடை பத்தில் ஒரு ஓம் ஆகியது என்று வைத்துக்கொள்வோம். 20இன் வர்க்கம் 400. அதைப் பத்தில் ஒன்றால் பெருக்கினால் 40 வாற். ஈயம் பற்றவைக்கும் ஒரு சிறிய இரும்பின் சூடு இது. அப்படியொன்றை நாடா சுற்றி முன்பலகைக்குள் ஒளித்து வைத்துவிட்டு நெடுஞ்சாலையில் ஓடியிருக்கிறேன்.

அடுத்த நாள் வேலையில், பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் சக்சன்காரரிடம் இதைச் சொன்னேன். அறுபதைத் தாண்டியவர், கிழக்கு ஜேர்மனிக் காலத்திலேயே தொழில் பழகியவர், வீட்டில் 1970களின் திறபாண்ட் ஒன்றை இன்னும் வைத்திருப்பவர். "நீ இதை மாணவர்களுக்குப் படிப்பித்தாயா?" என்று கேட்டார். பன்னிரண்டு வருடங்கள் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை வானைக் கொண்டுவா என்று மட்டும் சொன்னார்.

அவருடைய கராஜில் எண்ணெய்க் கறையோடு ஒரு பழைய கைநூல் கிடந்தது. கிழக்கு பேர்லினில் வெளியான தொடர் ஒன்றைச் சேர்ந்தது. 'எனக்கு நானே எப்படி உதவுவது' என்பது அதன் பெயரின் பொருள். ஒரு திறபாண்டுக்காகப் பத்து வருடங்களுக்கு மேல் காத்திருந்த மக்கள் அவர்கள். உதிரிப்பாகமும் இலகுவில் கிடைப்பதில்லை. ஆகவே தன் வாகனத்தைத் தானே கழற்றிப் பூட்டும் அறிவு அங்கு சர்வசாதாரணமாக இருந்தது. இது எனக்குப் புதிய கதையல்ல. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நாங்கள் செய்த வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, பற்றறியைக் கழற்றுவது. வாகனத்தின் உடலோடு தொடுத்திருக்கும் முனையைத்தான் முதலில் கழற்றவேண்டும். மற்ற முனையை முதலில் கழற்றினால், சாவி தவறி உடலில் பட்ட கணத்தில் பொறி பறக்கும்.

இரண்டாவது, பழைய வயரில் கைவைக்காதிருப்பது. புதிய சொக்கற்றுக்குப் புதிய பாதை வேண்டும். பற்றறியின் நேர்முனையிலிருந்து தனியாக ஒரு தடித்த வயரை எடுத்தோம். முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் முதற் பியூஸ். பியூஸுக்கும் பற்றறிக்கும் இடைப்பட்ட துண்டுக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை. ஆகவே அது எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நல்லது. இரும்புச் சுவரைத் துளைத்து உள்ளே நுழையும் இடத்தில் கட்டாயம் இறப்பர் வளையம். இல்லாவிட்டால் தகட்டு விளிம்பு அதிர்வில் தோலை அறுத்துவிடும்.

மூன்றாவது, வயரின் தடிப்பு. ஒரு மீற்றர் நீளமும் ஒரு சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டும் கொண்ட செப்பின் தடை ஏறத்தாழ 0.0175 ஓம். ஐந்து மீற்றருக்கு 1 சதுர மில்லிமீற்றர் வயரில் 20 அம்பியரை ஓட்டினால் 1.75 வோல்ற் வழியிலேயே தொலைந்துவிடும். 12 வோல்ற் பத்தேகாலாகப் போய்ச் சேரும், குளிர்ப்பெட்டி நின்றுவிடும். 6 சதுர மில்லிமீற்றர் வயரில் அந்த இழப்பு 0.3 வோல்ற்கூட இல்லை. ஆகவே பிரதான பாதைக்கு 6. அது உள்ளே ஒரு சிறிய பியூஸ் பெட்டியில் முடிகிறது. அங்கிருந்து ஒவ்வொரு சொக்கற்றுக்கும் 2.5 சதுர மில்லிமீற்றர் வயரும் தனித்தனி 15 அம்பியர் பியூஸும். வீட்டுச் சுவருக்குள் போகும் ஒற்றைக் கம்பி வயர் இதற்கு உதவாது, அதிர்வில் முறிந்துவிடும். பல மெல்லிய இழைகள் கொண்டதே வேண்டும். இணைப்புகளை அதற்கென உள்ள இடுக்கியால் நெரித்துப் பொருத்தவேண்டும்.

நான்காவது, றிலே. பற்றறியிலிருந்து நேராக எடுத்த சொக்கற், வாகனம் நின்ற பின்னும் உயிரோடிருக்கும். 60 அம்பியர்-மணிப் பற்றறியில் பாதிக்குமேல் இறக்கக்கூடாது. ஓடுவதற்கான பற்றறிகள் ஆழமாக இறக்கப்படுவதற்கெனச் செய்யப்பட்டவையல்ல. ஆகவே 30 அம்பியர்-மணி. 4 அம்பியர் இடைவிடாமல் எடுக்கும் பொருள் ஏழு, எட்டு மணி நேரத்தில் அதைக் குடித்துவிடும். இரவு ஷிப்ற் முடிந்து வந்தால் வாகனம் கிளம்பாது. றிலே என்பது சிறிய ஓட்டத்தால் பெரிய ஓட்டத்தை ஆளும் ஒரு கதவு; சாவியைத் திருப்பினால் திறக்கும், எடுத்தால் மூடும்.

இங்கு ஜேர்மனியரின் ஒரு நல்ல பழக்கத்தைச் சொல்லவேண்டும். டின் 72552 என்ற நியமத்தின்படி வாகன மின்முனைகளுக்கு எண்கள் உண்டு. 30 என்றால் பற்றறியின் நேர்முனையிலிருந்து நேராக வருவது. 15 என்றால் சாவியைத் திருப்பினால் மட்டும் வருவது. 31 என்றால் வாகன உடல். றிலேயின் சுருளுக்கு 85, 86. ஓட்டம் வெளியேறும் முனைக்கு 87. ஆகவே 15ஐ 86க்கும், 31ஐ 85க்கும், பற்றறியை 30க்கும் கொடுத்து, 87இலிருந்து பியூஸ் பெட்டிக்கு எடுத்தால் முடிந்தது. மொழி தெரியாத ஒருவன்கூட இந்த எண்களை வைத்து ஜேர்மன் வாகனமொன்றின் வயர்களை வாசிக்கலாம். நான் இந்நாட்டில் பிழையின்றிக் கற்ற முதல் இலக்கணம் இதுதான்.

ஐந்தாவது, திரும்பும் பாதை. மின்சாரம் போனால் மட்டும் போதாது, திரும்பி வரவேண்டும். வர்ணத்தைச் சுரண்டி, வெறும் உருக்கு தெரியுமிடத்தில் ஆணியால் இறுக்கவேண்டும். திறபாண்டின் வெளித்தகடுகளில் இது சரிவராது. அவை தகடே அல்ல; பருத்திக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்திய 'டூறொபிளாஸ்ற்'. உள்ளிருக்கும் உருக்குச் சட்டத்தைத் தேடிப்பிடிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் முன்னர் கேட்கவேண்டிய கேள்வி, உங்கள் வாகனம் எத்தனை வோல்ற் என்பது. இன்று 12 என்பது எங்கும் நிறைந்தது. இங்கு லைப்சிக்கில் 2013 முதல் 2022 வரை செய்யப்பட்ட ஐ3 என்ற மின்காரிலும்கூட, பெரிய பற்றறியோடு ஒரு 12 வோல்ற் பற்றறி இருக்கிறது. ஆனால் நண்பரின் திறபாண்ட் 6 வோல்ற். 1980களின் நடுப்பகுதிவரை அவை அப்படித்தான் வந்தன. 6 வோல்ற்றில் அதே 60 வாற்றுக்கு 5 அல்ல, 10 அம்பியர் வேண்டும். வயர் இன்னும் தடிக்கவேண்டும். 12 வோல்ற்றுக்கென விற்கும் சார்ஜரை அதில் செருகுவதற்கு, இடையில் அழுத்தத்தை உயர்த்தும் ஒரு கருவி தேவை.

எம்மூரில் இன்னொரு சிக்கல் உண்டு. யாழ்ப்பாணத்து மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் கார்கள் 12 வோல்ற்தான். ஆனால் அக்காலப் பிரித்தானியக் கார்களில் வாகன உடலோடு தொடுக்கப்பட்டது நேர்முனை. இன்றைய சொக்கற்றை உலோக உடலோடு அப்படியே பூட்டினால் எல்லாம் தலைகீழாகிவிடும். செருகும் கருவி கருகிவிடும். ஊருக்குப் போய் அப்பாவின் பழைய காரில் தொலைபேசிக்குச் சார்ஜ் போட நினைப்பவர்கள் முதலில் பற்றறியின் எந்த முனை உடலுக்குப் போகிறது என்று பார்க்கவும்.

இப்போது அந்தப் பழைய கதை. 1990 யூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற் போனது. பற்றறிகள் தடைசெய்யப்பட்ட பொருட்களில் அடங்கின. பெற்றோலும் அப்படியே. அதே ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் சில துளி பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிள் டைனமோவை மிதித்து நாம் பிபிசி தமிழோசை கேட்டோம். டைனமோ கொடுப்பது 6 வோல்ற், 3 வாற். அதாவது அரை அம்பியர். அது ஆடலோட்டம், நேரோட்டமாக்க நான்கு டயோட்டுகள் வேண்டும். அன்று நான் மாணவன். அந்த நான்கு டயோட்டுகளையும் நான்தான் பற்றவைத்தேன், என் கையால்.

அந்தக் கை எங்கே போனது என்பதே என் கேள்வி. பின்னர் நான் விரிவுரையாளன் ஆனேன். வயர் பிடிப்பது ஆய்வுகூட உதவியாளரின் வேலையாகியது. என் வேலை சமன்பாடு எழுதுவது. புலம்பெயர்ந்து தொழிற்சாலைக்குள் வந்தபோது, நான் என் அறிவை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வெறும் உடலோடு உள்ளே போவதாகவே நினைத்துக்கொண்டேன். எமது சஞ்சிகைகளில் உழைப்புச் சுரண்டல் பற்றி நிறையவே எழுதியிருக்கிறோம், எழுதவேண்டியதுதான். ஆனால் உழைப்புக்குள் இருக்கும் அறிவைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதியிருக்கிறோம். கைவேலையை வீழ்ச்சி என்று கருதியதால், அதைக் கற்கவும் மறுத்திருக்கிறோம். அந்த அலட்சியம்தான் பச்சைப் பியூஸாக என் வானுக்குள் செருகப்பட்டிருந்தது என்று நான் சொன்னால் அது மிகையல்ல.

இதற்கு மறுப்பும் உண்டு. 'நாம் விரும்பி வந்த வேலையல்ல இது. அதில் அறிவைத் தேடச் சொல்வது முதலாளிக்குச் சாதகமான பேச்சு' என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் சனிக்கிழமை கராஜில் முதலாளி எவரும் இருக்கவில்லை. உருகிய வயரை வெட்டியெடுத்த ஒரு கிழத் தொழிலாளியும், அது ஏன் உருகியது என்று அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டிய நானும்தான் இருந்தோம். அவருக்கு அந்தக் கணக்கு அதுவரை தெரியாது. கடுதாசியை மடித்து அந்தக் கைநூலுக்குள் வைத்துக்கொண்டார்.

நண்பர்கள் விவாதத்தைப் பிறகு எழுதட்டும். அதற்கு முன் ஒரு வேலை. உங்கள் வானில் எல்லாவற்றையும் செருகி அரை மணி நேரம் ஓடிவிட்டு, வாகனத்தை நிறுத்தி, முன்பலகையின் கீழ்ப் போகும் வயரைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்கமுடியாத சூடென்றால், பிள்ளைகளை அதில் ஏற்றாதீர்கள்.