பொட்டைக் குட்டியின் கடிதம்!

என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் தெரு நாய் ஐந்து குட்டிகள் போட்டது. இரண்டு மாதத்தில் நாலு ஆண் குட்டிகளையும் ஆளுக்கொன்றாய்த் தூக்கிப் போய் விட்டார்கள். ஒன்று மட்டும் மிஞ்சியது. கேட்டால், "பொட்டைக் குட்டி, வருஷா வருஷம் குட்டி போடும். யாருக்கு வேணும்?" என்றார்கள்.

"ஏம்மா, பொண்ணாப் பிறந்தா அதுக்குக் கூட வீடு கிடைக்காதா?" என்று மகள் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. நாமே வளர்க்கலாமென்றால், எங்களுடையது வாடகை வீடு. ஹவுஸ் ஓனர் சம்மதிக்கவில்லை.

அந்த வாரம் தமிழ் டீச்சர் வகுப்பில் ஒரு விஷயம் சொன்னாராம். அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் செயின்ட் மைக்கேல்ஸ் எபிஸ்கோபல் பள்ளி இருக்கிறது. 2023ல் அங்குள்ள இரண்டாம் வகுப்புக் குழந்தைகள், நகரின் பிராணிகள் காப்பகத்தில் இருந்த நாய், பூனைகளே பேசுவது போல் கடிதம் எழுதினார்களாம். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பிராணி. அதன் குணத்தையும் ஆசையையும் எழுதி, படமும் வரைந்தார்கள். கடிதங்களைக் கூண்டுகளில் ஒட்டினார்கள். படித்தவர்கள் மனம் இளகி, பெரும்பாலான பிராணிகளுக்கு வீடு கிடைத்து விட்டதாம்.

"நாம எழுதற 'தன் வரலாறு கூறுதல்' கட்டுரைதானேம்மா இது!" என்று மகள் உடனே உட்கார்ந்து விட்டாள். பரீட்சைக்குக் குடையும் பேருந்தும் பேசுவதாக எழுதியவள், அன்று குட்டிக்காக எழுதினாள். கால்நடை டாக்டரிடம் கேட்டு, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, ஆறு மாதத்தில் கருத்தடை ஆபரேஷன் என்ற விவரத்தையும் சேர்த்துக் கொண்டாள்.

'நான் பொட்டைதான். ஆனாலும் ராத்திரியில் வாசலைக் காக்க எனக்கும் தெரியும். ஆபரேஷன் செய்து விட்டால் குட்டி போட மாட்டேன். மீதிச் சோறும் கொஞ்சம் பிரியமும் போதும்' என்று எழுதி, மளிகைக் கடைச் சுவரில் ஒட்டினாள்.

மூன்றாம் நாள் தையல் கடை அக்கா வந்தார். அவருக்கு மூன்றும் பெண் பிள்ளைகள். "நானும் இந்தப் பேச்சையெல்லாம் கேட்டவதான். நாலாவதா இதுவும் இருக்கட்டும்" என்று குட்டியை அள்ளிக் கொண்டார். எனக்குக் கண் கலங்கி விட்டது.

இப்போது தடுப்பூசி போட்டாகி விட்டது. ஆபரேஷனுக்கும் நாள் குறித்திருக்கிறார். தையல் மிஷின் அடியில்தான் அதன் தூக்கம்!

சகோதரிகளே, உங்கள் தெருவிலும் இப்படி ஒரு குட்டி மிஞ்சியிருந்தால், பிள்ளைகளிடம் பேனாவைக் கொடுங்கள். மார்க்குக்கு எழுதுவதை விட நன்றாகவே எழுதுவார்கள்.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்.