மெயிலில் ஒரு கூட்டல் குறி: முகவரி கசிந்தது எங்கே என காட்டிக் கொடுக்கும்!

காஞ்சீபுரம்:

பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டு ஆன்லைனிலும் பட்டுப்புடவை விற்பவர், எத்தனை இடத்தில் இ-மெயில் கொடுக்க வேண்டியிருக்கிறது பாருங்கள். சூரத் ஜரிகை வியாபாரி, கூரியர், கண்காட்சி, பேங்க். கொஞ்ச நாளில் "லோன் வேணுமா, பரிசு விழுந்திருக்கு" என்று மெயில் குவியும். நடுவில் வந்த நிஜ ஆர்டர் கண்ணில் படாமலே போய்விடும்.

முகவரி எங்கே கசிந்தது என்று கண்டுபிடிக்க ஜிமெயிலில் செலவில்லாத வழி உண்டு. '@' குறிக்கு முன்னால் கூட்டல் குறி போட்டு ஒரு அடையாள சொல் சேர்க்க வேண்டும். கண்காட்சிக்கு 'பெயர்+ஸ்டால்', பேங்குக்கு 'பெயர்+பேங்க்' என்று ஆங்கிலத்தில் கொடுக்கலாம். புது கணக்கு வேண்டாம். எல்லாம் ஒரே இன்பாக்சுக்குத்தான் வரும்.

லோன் மெயில் 'ஸ்டால்' முகவரிக்கு வந்தால் கசிவு கண்காட்சி பக்கம்தான். அவர்களே விற்றார்கள் என்று சண்டைக்கு போக முடியாது, திருட்டும் போயிருக்கலாம். அந்த முகவரிக்கு வருவதை குப்பைக்கு அனுப்ப 'பில்டர்' போட்டால் தொல்லை விட்டது.

இதைவிட பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. "உங்க அக்கவுண்ட் முடக்கப்பட்டது" என்று பேங்க் பெயரில் வரும் மெயில், 'ஸ்டால்' முகவரிக்கு வந்திருந்தால் அது டுபாக்கூர்தான்!

சில வெப்சைட்கள் கூட்டல் குறியை ஏற்பதில்லை. விவரமான ஸ்பேம் ஆசாமிகள் குறியை வெட்டிவிட்டு அசல் முகவரிக்கே அனுப்புவதும் உண்டு. அசலையே மறைக்க ஆப்பிளின் 'ஹைட் மை இமெயில்' போன்ற சேவைகள் இருக்கின்றன.

ஏமாந்து பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்கு போன் செய்ய வேண்டும்.