கூண்டுக்குள் மனிதர், வெளியே சிங்கம்!

மேல்சித்தாமூர், சமணர் மடம் உள்ள ஊர். எறும்புக்கும் தீங்கு நினையாதவர்களின் ஊர். அங்கிருந்து குழந்தை குட்டிகளோடு திண்டிவனம் வந்து சென்னைச் சாலையைப் பிடித்தால் வண்டலூர் போகலாம்.

அங்கே அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் ஒரு வேடிக்கை! சிங்கம் காட்டில் திரிகிறது. மனிதர்கள்தான் கம்பி வலை போட்ட வண்டிக்குள் அடைந்து போகிறார்கள்! சிங்கம் புதரில் படுத்துவிட்டால் வால்கூடத் தெரியாது. அது அதன் இஷ்டம்.

முன்பு அப்படியா? 1855-ல் டாக்டர் பால்பர் எழும்பூர் அருங்காட்சியகத்தில் மிருகங்களை வைத்தார். பிறகு சென்டிரல் ரயில் நிலையம் அருகே கூண்டுகளில் பல்லாண்டு கிடந்தன. 1985-ல்தான் வண்டலூரில் விசாலமான பூங்கா திறந்தது. 602 ஹெக்டேர்!

செவ்வாய்க்கிழமை விடுமுறை. போய் ஏமாறாதீர்கள்.