சத்துணவுக் கீரைக்கு மே மாதத் தண்ணீர்

திண்டுக்கல் மாவட்டம் எரியோட்டைச் சுற்றியுள்ள வறண்ட நிலங்களில் முருங்கை நன்றாக வளரும். வேலியோரத்தில்கூடத் தானாக நிற்கும். இதே மாவட்டத்தின் ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து லாரி லாரியாகக் காய்கறி கேரளாவுக்குப் போகிறது. இத்தனை விளையும் ஊரில் பிள்ளைகளின் தட்டுக்கும் பச்சைக் காய் வர வேண்டாமா?

மதிய உணவு விதிப்படி தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய்கறி. 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை 75 கிராம். அறுபது பேர் படிக்கும் தொடக்கப்பள்ளிக்குத் தினமும் 3 கிலோ. அவ்வளவையும் பள்ளி வளாகத்திலேயே தோட்டம் போட்டு விளைவிப்பது நடக்காத காரியம். ஆனால் சிறுகீரை விதைத்து ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வந்துவிடும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்-1 செடிமுருங்கை ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். உலையில் பருப்பு வேகும் நேரத்தில் ஆயா முறத்தோடு போய் ஆய்ந்து வரும் கீரை வாரம் இரண்டு நாள் சாம்பாரில் விழுந்தாலே பெரிய லாபம். பிள்ளைகள் தட்டு கழுவும் தண்ணீரை வாய்க்கால் வெட்டி விட்டால் நாலு வாழை பிழைத்துக்கொள்ளும்.

மத்திய அரசு 2019-இல் பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. இடமில்லாத பள்ளிகள் மாடியிலும் தொட்டியிலும் வளர்க்கலாம்.

பிள்ளைகளின் சாப்பாட்டை ஊரே சுமந்தது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. காமராசர் ஆட்சியில் 1956-இல் மதிய உணவு பரவியபோது, கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் மக்களிடம் உதவி கேட்டார். அரிசியும் பருப்பும் காயும் வீடுகளிலிருந்து வந்தன. பள்ளி உணவை உழவர்களோடு இணைப்பதைப் பிரேசில் சட்டமாகவே ஆக்கியது: பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குச் சிறு விவசாயக் குடும்பங்களிடம் வாங்க வேண்டும் என்று 2009-இல் விதித்தது.

தோட்டம் போடுவது சுலபம். ஜூலையில் ஆசிரியர் ஆர்வமாகப் பாத்தி கட்டுவார், பிள்ளைகள் குடம் குடமாக ஊற்றுவார்கள். மே மாதம்தான் சோதனை. பள்ளி பூட்டிக் கிடக்கும், வெயில் கொளுத்தும். ஜூனில் கதவு திறக்கும்போது பாத்தி காய்ந்து கிடக்கும். ஆசிரியர் ஒருவரை மட்டும் நம்பிய தோட்டம் அவர் மாற்றலாகிப் போனதும் பட்டுப்போகும். அதனால்தான் ஊர் வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். எந்த வாரம் யார் தண்ணீர் விடுவது, சாவி யாரிடம் இருப்பது என்று ஏப்ரல் கூட்டத்திலேயே பெயர் போட்டு எழுதிவிடலாம். விடுமுறையில் காய்ப்பதைத் தண்ணீர் ஊற்றியவர் வீட்டுக்கே கொடுத்துவிடலாம்.