சிப்பிக் கடையில் பிறந்த எண்ணெய் வணிகம்

நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஊர்காவற்றுறையிலும் மின்சாரம் எட்டாத காலத்தில் இரவுக்குத் துணை மண்ணெண்ணெய் விளக்கே. 1990களின் பொருளாதாரத் தடையின்போது ஒரு போத்தல் மண்ணெண்ணெயின் அருமையை வடபுல மக்கள் நன்கறிந்தனர். அந்த எண்ணெய் கீழைநாடுகளுக்கு மலிவாக வந்துசேர வழிவகுத்தவர்களுள் ஒருவர், லண்டனில் குடியேறிய யூதக் குடும்பத்தில் 1853இல் பிறந்த மார்க்கஸ் சாமுவேல்.

இவருடைய தந்தையார் கீழைநாடுகளிலிருந்து கடற்சிப்பிகளைத் தருவித்து, அவற்றால் அழகூட்டிய பெட்டிகளை விற்றவர். 'ஷெல்' என்னும் பெயர் அந்தச் சிப்பிக் கடையின் நினைவே. பாக்கு நீரிணையிலும் மன்னார்க் கடலிலும் தமிழரும் முஸ்லிம்களும் சங்கு குளித்து, வளையல் தொழிலுக்காக வங்காளத்துக்கு அனுப்பிய வரலாற்றை உடைய நமக்கு இத்தொடக்கம் அந்நியமானதன்று.

அக்காலத்தில் அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஒயில் நிறுவனம் மண்ணெண்ணெயைத் தகரங்களில் அடைத்து, மரப்பெட்டிகளில் அனுப்பியது. சாமுவேல் கப்பலையே எண்ணெய்த் தாங்கியாக அமைத்தார். 1892இல் அவரது 'மியூரெக்ஸ்' கப்பல் கருங்கடற்கரையில் எண்ணெய் ஏற்றி, சூயஸ் கால்வாய் வழியே கீழைநாடுகளுக்குச் சென்றது. கப்பல்களுக்கெல்லாம் சிப்பிகளின் பெயர்களே சூட்டப்பட்டன. சங்கு எனப் பொருள்படும் 'கொங்க்' 1903இல் இலங்கையின் தென்கரையில், ஹிக்கடுவைக்கு அண்மையில் மூழ்கியது.

எனினும் தொடக்கத்தில் எண்ணெய் விற்பனையாகவில்லை. மக்கள் தத்தம் பாத்திரங்களைக் கொண்டுவந்து வாங்கிச் செல்வர் என்று சாமுவேல் கணக்கிட்டிருந்தார். அவர்களோ ஸ்டாண்டர்டின் நீலத் தகரத்தையே நாடினர். வெறுந்தகரம் வாளியாகும், கூரையாகும். ஏழை வீட்டில் அதுவும் ஒரு சொத்து. இதனையறிந்த சாமுவேல், தகரத்தகடுகளை அனுப்பி அந்தந்த ஊரிலேயே சிவப்புத் தகரங்களைச் செய்வித்தார். வணிகம் தழைத்தது.

இவ்வளவுக்கும் அடித்தளம் உறவும் நம்பிக்கையுமே. சகோதரர் பங்காளியானார், மருமக்கள் கீழைநாடுகளில் எண்ணெய்க் களஞ்சியங்களை அமைத்தனர். 1897இல் ஷெல் நிறுவனம் உருவாயிற்று. ஆயினும் உலகளாவிய வணிகத்தைக் குடும்பக் கடையைப் போலவே நடத்த முற்பட்டதால் நிர்வாகம் தளர்ந்தது. 1907இல் ரோயல் டச்சு நிறுவனத்துடன் இணைந்தபோது 60 வீதம் அவர்களுக்கும் 40 வீதம் ஷெல்லுக்கும் என முடிந்தது. நம்பிக்கை வணிகத்தைத் தொடக்கிவைக்கும். ஒழுங்கான நிர்வாகமே அதனைக் காக்கும் என்பதே இதன் படிப்பினை.

நமது தீவக வணிகரும் உறவையே முதலாகக் கொண்டு கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடைகளை நிறுவினர். அவற்றுட் பல 1983 யூலைத் தீயில் அழிந்தன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் தம் கடைகளை விட்டுச் சென்றனர். தலைமுறைகளின் உழைப்பு சில நாட்களில் பறிபோயிற்று. அழிவுக்குப் பின்னர் எழுந்தவற்றையேனும் நாம் நிலைபெறச் செய்யவேண்டாமா?

அதற்குப் பங்குகள் எழுத்தில் அமைதல் வேண்டும். கணக்கு எவரும் பார்க்கக்கூடியதாய் இருத்தல் வேண்டும். நிர்வாகத்தில் உறவுக்கன்றித் திறமைக்கே இடமளித்தல் வேண்டும். புலம்பெயர்ந்த பிள்ளைகள் ஊருக்கு அனுப்பும் பணம் மதிலாகவும் மண்டபமாகவும் மட்டும் முடங்காது தொழிலாக வளரவேண்டுமாயின், இவ்வொழுங்கு இன்றியமையாதது.