இளங்காட்டின் முழக்கம்

வட அமெரிக்காவின் வடபுலக் காடுகளில் பனி உருகும் ஏப்ரல் திங்களில், விடியலுக்கு முன்னரே ஒரு முழக்கம் கேட்கும். தொலைவில் எவரோ பறை அறைவதுபோல் மெல்லத் தொடங்கி, விரைவுற்றுச் சட்டென அடங்கும். அதனை எழுப்புவது அரைக்கிலோவைச் சற்றே விஞ்சும் எடையுள்ள ஒரு பறவை. வீழ்ந்து கிடக்கும் அடிமரத்தின்மேல் நின்று ஆண்பறவை சிறகடிக்கிறது. சிறகு மரத்தைத் தொடுவதில்லை. அடிபட்ட காற்றே முழங்குகிறது. கௌதாரிக்கு உறவான இப்பறவையின் பெயர் ரஃப்டு கிரௌஸ். கழுத்தின் இருபுறமும் உள்ள கரிய இறகுகளை மடிப்புக் கழுத்துப்பட்டிபோல் விரிப்பதால் அப்பெயர் பெற்றது.

காட்டுப் பறவை என்றவுடன், கோடரி படாத முதுகாடே அதன் புகலிடம் என எண்ணத் தோன்றும். கிரௌஸின் வாழ்வோ வேறுவகையானது. மரங்கள் முதிர்ந்து தழைக்கூரை மூடிக்கொண்டால் தரையில் வெயில் விழுவதில்லை, புதர்கள் மெலிகின்றன. தரையில் நடந்து இரைதேடும் பறவை, வல்லூறு இனத்தைச் சேர்ந்த கோஷாக்கின் கண்ணுக்கு எளிதில் புலப்பட்டுவிடும். பத்து முதல் இருபது ஆண்டு வளர்ந்த இளங்காட்டிலோ தண்டுகள் நெருங்கி நிற்கின்றன. கிரௌஸ் அவற்றிடையே நுழைந்து நடக்கும். பாய்ந்துவரும் வேட்டைப்பறவைக்குச் சிறகு விரிக்க இடமிராது.

ஆயினும் இளங்காடு மட்டும் போதாது. குஞ்சுகள் பொரித்த மறுநாளே கூட்டைவிட்டு நடக்கின்றன. முதல் சில வாரங்களில் பூச்சிகளே அவற்றின் உணவு. பூச்சிகள் மிகுவது வெயில் படும் புல்பூண்டுகளிடையே. குளிர்காலத்திலோ நிலைமை மாறுகிறது. நிலமெங்கும் பனி மூட, முதிர்ந்த ஆஸ்பென் மரங்களின் ஆண்பூ மொட்டுகளே முதன்மை உணவாகின்றன. விரல்களின் ஓரத்தில் சீப்புப் பற்கள்போல் முளைக்கும் செதில்கள் பனிமேல் நடக்கத் துணைபுரிகின்றன. கடுங்குளிர் இரவுகளில் பறவை மென்பனிக்குள் பாய்ந்து புதைந்து உறங்குகிறது. மேற்பரப்பு உருகி மீண்டும் இறுகினால் அவ்வழியும் அடைபடும்.

ஆக, பலவயதுக் காடுகள் அருகருகே அமைய வேண்டும். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கல்லியன், குளோக்கே என்னுமிடத்திலுள்ள ஆய்வுக்காட்டில் 1950களின் இறுதி முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இப்பறவையை ஆராய்ந்தவர். அவர் பரிந்துரைத்த முறை எளியது: காட்டைச் சிறு துண்டங்களாகப் பகுத்து, பத்தாண்டுக்கொரு முறை நான்கில் ஒரு பங்கை வெட்டுதல். நாற்பதாண்டுச் சுழற்சியில் குழந்தைக்காடும் இளங்காடும் முதிர்ந்த மரங்களும் ஒருசேர நிலைபெறும்.

இம்முறைக்கு ஆஸ்பெனின் இயல்பே அடிப்படை. நிழலில் வளராத அம்மரத்தை வெட்டினால் அதன் வேர்களிலிருந்து ஒரு ஹெக்டேருக்குப் பல்லாயிரம் கன்றுகள் கிளைத்தெழும். முன்னர் காட்டுத்தீயும் சூறாவளியும் நீர்நாய் போன்ற பீவர்களும் இவ்வேலையைச் செய்தன. தீயை உடனுக்குடன் அணைக்கும் வழக்கம் வந்தபின் அவ்வாய்ப்பு அருகிற்று. கிழக்கு மாநிலங்களில் கைவிடப்பட்ட வயல்களில் எழுந்த காடுகளும் இப்போது முதிர்ந்துவிட்டன. இந்தியானா மாநிலம் 2020இல் இப்பறவையை அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அறிவித்தது.

எல்லாக் காட்டையும் வெட்டலாம் என்பது இதன் பொருளன்று. முதுகாட்டையே நாடும் பறவைகளும் உண்டு; எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்பதே கடினமான கேள்வி. விடையைச் சரிபார்க்கவும் பொறுமை தேவை. வடபுலத்தில் கிரௌஸ்களின் எண்ணிக்கை ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை இயல்பாகவே ஏறி இறங்கும். ஓராண்டுக் கணக்கை நம்பி முடிவெடுக்க இயலாது. ஆதலால் அலுவலர்கள் வசந்தந்தோறும் வைகறையில் காட்டுச்சாலைகளில் குறித்த இடங்களில் நின்று முழக்கங்களை எண்ணி வருகின்றனர். வெட்டிய ஆண்டில் அடிக்கட்டைகள் மட்டுமே தெரியும் வெட்டவெளியில், கன்றுகள் தலைக்குமேல் ஓங்கி நெருங்கியபின்தான் முதல் முழக்கம் கேட்கும்.